ஓடும் பெல்ட்டில் கம்பி

1979, ஐப்பசி, வியாழன்.

சுரங்கத்தில் கரி கொண்டுபோகும் பெல்ட் ஓடும்போதே, உருளையில் ஒட்டும் ஈரக் கரியை நான் கம்பியால் தள்ளிவிடுவேன். ஃபோர்மேன் மூன்று மாதமாகப் பார்க்கிறார், ஒன்றும் சொன்னதில்லை. சரியாகத்தான் செய்கிறேன் என்று இருந்துவிட்டேன்.

இன்று வேறு செக்‌ஷனிலிருந்து வந்த கோவிந்தன் பார்த்ததும் பெல்ட்டை நிறுத்திவிட்டார்.

"என்னாங்க, ஓடிக்கினு இருக்கும்போது கம்பிய வுடுறீங்க? கம்பிய இழுத்துச்சின்னா கையும் சேந்து போயிடும். யாரும் சொல்லலியா?"

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அந்த ஃபோர்மேன்.

இதை எழுதும்போதுதான் நினைவு வருகிறது. போன வாரம் எதிர் குவார்ட்டர்ஸ் செல்வராஜ் நான் செய்வதைப் பார்த்து அதேபோல் கம்பியை விட்டார். நானும் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன்.

அவருக்கு இன்று நைட் ஷிஃப்ட்.