மூன்று பேருக்கு அளந்த கூடாரம்

ஒக்டோபர் 19, ஞாயிறு

காலையில் மழை. இப்போது தூறல்.

கையெழுத்துக் கோணல். ஓர் எழுத்து யானை, அடுத்தது எறும்பு. அழுத்தி எழுதியதில் இரண்டு இடத்தில் தாள் கிழிந்துவிட்டது. கொப்பியே, பொறுத்துக்கொள். எழுபத்தோராம் வயதில் எழுதப் பழகிய கை. இவ்வளவுக்கும் முக்கால் மணித்தியாலம். ஆனால் நான் எழுதியது! பக்கத்தில் யாரும் இல்லை. யாரும் எழுத்துக்கூட்டித் தரவில்லை.

ரீச்சர் சொன்னது: "கிழமைக்கு ரெண்டு பக்கம் எழுதுங்கோ அங்கிள். என்னட்டைக் காட்டத் தேவையில்லை." செவ்வாய்தோறும் முதியோர் தமிழ் வகுப்பு, பிளாசாவின் மேல்மாடியில். ஏழு மாதமாகப் போகிறேன்.

மரியதாசுக்குத் தெரியாது. என் மனைவி லூர்துவின் தம்பி. லூர்து போய்ச் சேர்ந்து மூன்று வருடம். அவள் போன பிறகும் ஒவ்வொரு நவம்பரும் மான் வேட்டைக்கு என்னை மறக்காமல் கூட்டிப் போகிறவன். மான் சுடும் துவக்கும் லைசென்சும் அவனுடையவை. தடம் பார்ப்பது, உரிப்பது, சமைப்பது நான். இந்த முறை காட்டில் இந்தக் கொப்பியை எடுத்து, அன்றன்று நடந்ததை எழுதி அவனுக்கு வாசித்துக் காட்டுவேன். அவன் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். அதுவரை மூச்சு விடுவதில்லை.

மரியதாஸ் என்று எழுதக் கை நோகிறது. இனி சுருக்கமாக, தா.

ஒக்டோபர் 21, செவ்வாய்

காற்று. வகுப்பு. பஸ் யன்னலால் வாசித்தவை: நகைமாடம். பலசரக்கு. சுடச்சுடக் கொத்து ரொட்டி. ஒரு மரண அறிவித்தல், பாதி. அதற்குள் டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டான்.

தா. போன் பண்ணினான். இதுவரை வீதியோரம், டிரக்குக்குப் பக்கத்தில், பெரிய கான்வஸ் கூடாரம். இந்த வருடம் வீதியிலிருந்து ஆறு கிலோமீற்றர் நடந்து உள்ளே போக வேண்டுமாம். மான் அங்கேதானாம். முதுகில் தூக்கக்கூடிய கூடாரம் தேவை.

"நீங்கள்தான் பாத்துச் சொல்ல வேணும் அத்தான். சீலையைப் பற்றி உங்களை விட ஆருக்குத் தெரியும்?"

உண்மை. இருபத்திரண்டு வருடம் லொறிகளை மூடத் தறப்பாள் தைத்த கை. இரவு சரியாக நித்திரை இல்லை, சந்தோசத்தில்.

ஒக்டோபர் 23, வியாழன்

வெயில், ஆனால் குளிர். வேட்டைச் சாமான் கடை. நான், தா., அவன் மகளைக் கட்டிய மருமகன் றெஜி. றெஜி இங்கே, இந்த வெளிநாட்டில் பிறந்த பிள்ளை. நல்ல பொடியன், நாக்குத்தான் பாதித் தமிழ்.

பார்த்தவை:
1. கான்வஸ். தூக்க ஒரு மாடு வேண்டும்.
2. ஒற்றையாள் கூடாரம். இலேசு. அடுப்புக்கு இடம் இல்லை. உள்ளே படுத்தால் பிரேதம் மாதிரி.
3. நடுவில் ஒரே தடி, கூம்பு. கூரையில் புகைக்குழாய்க்கு ஓட்டை. தரைச்சீலை இல்லை. தடி, முளை எல்லாம் சேர்த்து 2 கிலோ 300 கிராம்.

மூன்றாவதைப் பார்த்து றெஜி பதறினான். "அங்கிள், இதுக்கு ஃப்ளோர் இல்லை! டிஃபெக்ட் போல."

"தம்பி, நிலம் காட்டிலயே கிடக்கு. அதையேன் இஞ்சயிருந்து காவுவான்?"

கடைக்காரப் பெண்ணுக்கு றெஜி அதை இங்கிலிசில் சொன்னான். அவளும் சிரித்தாள்.

தரை இல்லாததுதான் நல்லது. சேற்றுச் சப்பாத்தோடு உள்ளே வரலாம். சின்ன விறகடுப்பு மூட்டலாம். இரத்தம் பட்டாலும் கழுவ ஒன்றும் இல்லை. நவம்பரில் கடிக்க நுளம்பும் இல்லை. விளிம்பில் பாவாடை மாதிரித் தொங்கும் சீலையில் பனியை அள்ளிப் போட்டால் காற்று நுழையாது. சீலையைக் கசக்கிப் பார்த்தேன். நைலோன் நனைந்தால் தொய்யும். இது பொலியெஸ்டர், அவ்வளவு தொய்யாது.

படுத்தால்தான் அளவு தெரியும் என்று கடைத் தரையிலேயே மூன்று பேரும் படுத்தோம். அடுப்பு இருக்கும் இடத்தில் என் தொப்பி. சனம் நின்று பார்த்தது. மூன்று பேர், ஓர் அடுப்பு, துவக்குக்கு ஒரு சாண். கச்சிதம். அதையே வாங்கினோம்.

"கூடாரத்தை நான் தூக்கிறன். உது என்ர முழங்காலுக்கு ஒரு பாரமே இல்லை" என்றேன். தா. "ம்" என்றான். அவன் மட்டும் சிரிக்கவில்லை. முதுகு பிடித்திருக்கும்.

தையல்களுக்குக் கடையிலேயே பசை பூசி வருவதில்லை. பூசாவிட்டால் ஊசி ஓட்டைகளால் ஒழுகும். நான் பூசுவதாகச் சொன்னேன்.

ஒக்டோபர் 25, சனி

மந்தாரம். அஜக்ஸ் நகரில் தா. வீடு. அவனும் றெஜியும் வேலைக்குப் போயிருந்தார்கள். கராஜில் கூடாரத்தை விரித்தேன். சிலிக்கோன் பசையைக் கரைத்து, தூரிகையால் ஒவ்வொரு தையலாக. ஆறு தையல். ஐந்து முடிந்தது. தேத்தண்ணிக்கு உள்ளே போனேன்.

பிரிட்ஜ் கதவில் ஒரு கடதாசி. தா.வின் மனைவி பிலோமினாவின் எழுத்து, தமிழில். எனக்குக் கொண்டாட்டம். ஒவ்வொரு சொல்லாக மனதுக்குள் வாசித்தேன். அரிசி. மிளகாய்த்தூள். கோப்பி. கருவாடு. நெருப்புப்பெட்டி. பசையின் மணத்தோடு நின்று, ஒரு பிழை இல்லாமல்! பிறகு:

கூடாரத்தில்: இவர், றெஜி, மைக்.

மைக், றெஜியோடு வேலை செய்பவன். மானைப் படத்தில் மட்டும் பார்த்தவன். என் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும், வகுப்பில் முதன்முதல் வாசித்த சொல் அதுதான். மேலிருந்து கீழே இரண்டு தரம் தேடினேன். இல்லை. அடியில் ஒரு வரி:

அண்ணைக்கு இப்ப சொல்ல வேண்டாம், பசை பூசி முடியட்டும்.

நான்தான் அந்த அண்ணை.

"என்ன அண்ணை, பேரப்பிள்ளையளின்ர படம் பாக்கிறியளோ?" என்றாள் பிலோமினா, தேத்தண்ணியை ஆற்றியபடி. பக்கத்தில் படங்களும் ஒட்டியிருந்தன.

"ஓம். வடிவாக் கிடக்கு."

அவள் கடதாசியை மறைக்கவும் இல்லை, கழற்றவும் இல்லை. ஏன் மறைப்பாள்? அந்த வீட்டில் தமிழ் எழுத்து ஒரு பூட்டு. பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது. றெஜிக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. புருசனும் பெண்சாதியும் மறைக்க வேண்டியதைத் தமிழில் எழுதி எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால் ஒட்டுவார்கள். முந்தி எத்தனை கடதாசிக்கு முன்னால் நின்று தேத்தண்ணி குடித்தேனோ.

அவள் மேலே போன நேரம் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். அந்த வரிக்குக் கீழே எழுதினேன்: ஆறாவது தையல் பூசவில்லை. சூசை.

ரயிலிலும் பஸ்ஸிலும் வீட்டுக்கு வந்தேன். ஒரு கடைப் பலகையும் வாசிக்கவில்லை.

ஒக்டோபர் 26, ஞாயிறு

மழை. பூசைக்குப் போகவில்லை. போன் இரண்டு தரம் அடித்து நின்றது. மூன்றாம் தரம் எடுத்தேன்.

"அத்தான், பிரிட்ஜில உது ஆர் எழுதினது?"

"நான்."

"பகிடி விடாதேங்கோ. ஆரைக்கொண்டு எழுதுவிச்சனீங்கள்?"

"நான்தான். உன்ர மனிசியின்ர எழுத்து வடிவு. எனக்கே விளங்கிச்சுது."

தொலைக்காட்சியை நிறுத்தினான். பிறகு தொடங்கினான்.

"போன வருசம் ஆத்துக்குள்ள விழுந்தனீங்கள். ஆறு கிலோமீற்றர் நடப்பியளோ? உங்களுக்கு ஒண்டு நடந்தா நான் அக்காவுக்கு என்ன சொல்லுறது?"

"அக்கா செத்துப்போனா. எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா கூடாரம் பாத்துத் தருவியளோ எண்டு..."

பிறகு, "சரி, வாங்கோ அத்தான். நாலு பேரும் நெருங்கிப் படுப்பம்."

"உதுக்குள்ள நாலு பேர் படுக்கேலாது. அளந்தது நான்."

வைத்துவிட்டேன்.

அவன் சொன்னது பொய் இல்லை, என் முழங்கால் முந்தி மாதிரி இல்லை. முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் இரண்டு நாள் கோபித்துவிட்டு, கருவாடும் பொரித்துக் கட்டிக் கொடுத்திருப்பேன். கடைத் தரையில் என் பக்கத்தில் படுத்தானே. அப்போதே தெரியும் அவனுக்கு, அந்த இடம் மைக்குக்கு என்று.

இனி அவனுக்குச் சுருக்கப் பெயர் இல்லை. மரியதாஸ்.

ஒக்டோபர் 28, செவ்வாய்

குளிர். வகுப்பு. யார் என்ன வாசித்தீர்கள் என்று ரீச்சர் கேட்டார்.

"ஒரு சாமான் லிஸ்ற்" என்றேன்.

"தனியவோ அங்கிள்? கடைசி வரைக்குமோ?"

"கடைசி வரி வரைக்கும்."

வகுப்பே கை தட்டியது. வெட்கம் கெட்டவன், எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது.

ஒக்டோபர் 30, வியாழன்

பின்னேரம் மரியதாஸ் கூடாரப் பையோடு கதவடியில் நின்றான். சப்பாத்துக் கழற்றவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்கள் பூச வேண்டாம் எண்டாலும் பரவாயில்லை அத்தான்..."

"வைச்சிட்டுப் போ. சனிக்கிழமை வந்து எடு. அந்தக் கடதாசி எங்க?"

"எறிஞ்சிட்டன்."

உலகத்தில் இன்னொருவருக்கு நான் எழுதிய முதல் வரி. குப்பைக்குள்.

அவன் போன பிறகு முன்னறையில் விரித்தேன். ஆறாவது தையல், பின்பக்கம், தலை வைக்கும் இடத்துக்கு நேர் மேலே. பார்த்துக்கொண்டே இருந்தேன். பூசியது, பூசாதது அவனுக்குத் தெரியாது. காட்டில் முதல் மழைக்குத்தான் தெரியும். மரியதாசின் மூக்கில் சொட்டுச் சொட்டாக. நினைக்கச் சிரிப்பும் வந்தது.

இருபத்திரண்டு வருடத்தில் ஒழுகிற சீலை ஒன்றும் என் கையால் வெளியே போகவில்லை. பூசினேன். காய்ந்த பிறகு இன்னொரு தரம் பூசினேன். அவனுக்காக இல்லை.

நவம்பர் 2, ஞாயிறு

மரித்தோர் நாள். லூர்துவைப் புதைத்த சேமக்காலையில் காற்று, மெழுகுதிரி நிற்கவில்லை. வருடாவருடம் மரியதாசும் பக்கத்தில் நின்று கை குவித்து மறைப்பான். இன்று விடியவே மூன்று பேரும் வடக்கே போய்விட்டார்கள். லூர்துவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் எப்போதும் தம்பி பக்கம்தான்.

கல்லில் அவள் பெயரை இன்றுதான் நானே வாசித்தேன். இரண்டு தரம், சத்தமாக.

வடக்கே இன்றிரவு கடும் மழை என்று ரேடியோ சொல்கிறது. அடுத்த ஞாயிறு வந்துவிடுவார்கள். ஆறாவது தையல் ஒழுகியதா என்று கேட்டு, அன்றைக்கே இதில் எழுதுவேன். ஒழுகியிருக்காது.