பூ வைத்த படம்

பலேர்மோ, இத்தாலி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் கால்கள் இப்போது எப்படி?

நான் பராமரிக்கும் வயதான சின்யோரா முன்பு சரித்திர ரீச்சர். அவரது மேசையில் கண்ணாடி போட்ட ஒருவரின் பழைய படம் இருக்கிறது. காலமான தகப்பனாக்கும் என்று நினைத்து, அம்மாவின் படத்துக்கு வைக்கும் பூவில் ஒன்றைத் தினமும் அவருக்கும் வைத்தேன். நேற்று அதைக் கண்ட சின்யோரா வாய்விட்டுச் சிரித்தார்.

“இவர் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், பிள்ளை!”

போலியோவால் கால்கள் வழங்காமல் போன பிறகும் நாலு தரம் தேர்தலில் வென்றாராம். வயதானவர்களுக்குப் பென்சன் சட்டம் கொண்டுவந்தாராம். வீட்டுக்குள் கதிரைக்குச் சில்லுப் பூட்டி, அதை உருட்டித்தான் திரிந்தாராம்.

நான் அனுப்பிய சில்லுக்கதிரையை இன்னும் சாக்கால் மூடியா வைத்திருக்கிறீங்கள்? ஊர் பார்த்தால் பார்க்கட்டும். அதில் இருந்து வாசல் படலையடி வரைக்கும் வாங்கோ. அக்காவைக் கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ, என் கட்டிலடியில் ஒட்டுவதற்கு.

சின்யோரா கூப்பிடுகிறார். உங்கள் படம் பார்த்துக்கொண்டிருக்கத்தான்; பூ வைக்க எனக்கு அம்மாவின் படம் ஒன்றே போதும், அப்பா.

உங்கள்
சிவானுஜா