போய்வர நூற்றுப்பதினாறு

மார்ச் 3, செவ்வாய்

காரை விற்க இன்று போனில் விளம்பரம் போட்டோம். நான் சொல்லச் சொல்ல, பேத்தி தட்டினாள். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் சொல்லி, காலேஜ்காரி எழுதியிருக்கிறாள். சும்மாவா? இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும், இடது பின்கதவு வெளியிலிருந்துதான் திறக்கும், ஏசி பேருக்குத்தான் — எல்லாவற்றையும் போடு என்றேன்.

“பாட்டி, இது விளம்பரமா, குத்தப் பத்திரிகையா?” என்கிறாள்.

வாங்கியவன் நாளைக்கு வாசலில் வந்து நின்று கத்தக்கூடாது. ஓடியது 2,86,410 கிலோமீட்டர். அதையும் உள்ளது உள்ளபடி. வாங்கும்போதே ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஓடிய வண்டி. மிச்சமெல்லாம் மகளோடு ஓடியது. வாரம் மூன்று நாள், ஏழு வருஷம், டயாலிசிஸுக்கு.

“ஆஸ்பத்திரிக்கு ஓடினதுன்னு போடட்டா பாட்டி? பாவம் பாத்து வாங்குவாங்க.”

வேண்டாம் என்றேன். அவள் அம்மாவைக் காட்டி நான் கார் விற்க மாட்டேன்.

இவருக்கு வலது கண் போய்விட்டது, இடதும் அரைகுறை. இனி வண்டி ஓட்டினால் நீங்களும் போவீர்கள், எதிரில் வருகிறவனும் போவான் என்று கண் டாக்டர் சொல்லி இரண்டு மாதம். தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆனாலும் வண்டி பின்தெருவில் நிற்கும்வரை என் நெஞ்சு அடித்துக்கொண்டேதான் இருக்கும்.

மார்ச் 7

ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

கேட்காமல் என்ன! விளம்பரத்தில் கொடுத்தது இவர் நம்பர். வீட்டில் இருக்கிற மனுஷன், எடுத்துப் பேசுவார் என்று கொடுத்தோம். இன்று நான் துணி காயப்போடும்போது போன் வந்தது. “வித்தாச்சுங்க” என்று சொல்லி வைத்துவிட்டார். எதை விற்றார்?

“இதோட எத்தனை பேருக்கு இப்படிச் சொன்னீங்க?”

“பேசினவன் குரலே சரியில்ல.”

“பொண்ணு குடுக்கவா போறோம், குரல் பாக்கறதுக்கு?”

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பேத்தியின் நம்பரை மாற்றிப் போடச் சொன்னேன்.

மார்ச் 17, செவ்வாய்

ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் கேட்டாராம். மீட்டரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பேத்தி எடுத்துவந்து காட்டினாள். 2,87,106.

நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். வித்தியாசம் 696. ஆஸ்பத்திரிக்குப் போய்வர 116. ஆறு தடவை. விளம்பரம் போட்டதிலிருந்து வந்த திங்கள், புதன், வெள்ளி — எண்ணிப் பார்த்தால் ஆறு. ஒன்றுகூட விடவில்லை இந்த மனுஷன்.

நான் விடிவதற்கு முன்னே ஹாஸ்டல் சமையலுக்குப் போய் மத்தியானம் வருகிறவள். பேத்தி எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவாள். பின்தெருவில் வண்டி இருக்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது, தாத்தா வாக்கிங் போயிருக்கிறார் என்று நினைத்திருக்கிறாள்.

“கண்ணு தெரியாம எப்படிய்யா போனீங்க?”

“அந்த ரோடு எனக்குத் தெரியும்.”

“ரோடு தெரியும். ரோட்டுல வர்ற பிள்ளைங்க தெரியுமா? அங்க போய் என்னதான் பண்றீங்க? அவ இல்லையே…”

“மரத்தடியில வண்டிய நிறுத்திட்டு உக்காந்திருப்பேன். அவளுக்கு முடியற நேரம் ஆச்சுன்னா கெளம்பிடுவேன்.” என் பக்கம் திரும்பி, “நீ எப்ப வந்த? ஏழு வருஷத்துல ரெண்டு தடவ. உனக்கு என்ன தெரியும்?”

உண்மைதான். இரண்டு தடவை. நான் சமைக்காவிட்டால் மாத்திரை எங்கிருந்து வரும் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். இப்போது யாரிடம் சொல்ல?

சாவியை எடுத்து என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மார்ச் 18

பேசவில்லை. சாப்பிட்டார்.

மார்ச் 22, ஞாயிறு

ரொட்டிக் கடைக்காரர் வந்தார். சக்கரத்தைத் தட்டினார், குனிந்தார், நிமிர்ந்தார். “குடும்ப வண்டின்னு போட்டிருக்கீங்க. குடும்ப வண்டி இவ்ளோ ஓடுமாம்மா? வாடகைக்கு விட்டீங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. பொய் சொல்லி விற்கிறவர்கள் என்று நினைத்துவிட்டானே! வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் இவர் சொன்னார்:

“எங்க பொண்ண ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன வண்டி. அக்டோபர்ல செத்துப்போச்சு.”

அந்த வார்த்தையை இவர் வாயிலிருந்து இன்றுதான் கேட்டேன். ஊரெல்லாம் வந்து துக்கம் கேட்டபோதும் சொல்லாதவர். நான் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைக்காரர் விலையைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை, கேட்டதை எண்ணிக் கொடுத்தார். இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இரண்டாவது கியரை எப்படிக் கெஞ்சிப் போடவேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். தெரு முனைவரை ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி அப்படியே போய்விட்டது, திரும்பி வரும்போது இவர் மட்டும் நடந்து வந்தார்.

மார்ச் 25, புதன்

ஹாஸ்டலில் லீவு சொன்னேன். “அதிசயமா இருக்கே, ஒடம்புக்கு என்ன?” என்றார் வார்டன். ஒன்றுமில்லை என்றேன்.

ஐந்து மணிக்கே சட்டை போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “வாங்க” என்றேன். எங்கே என்று கேட்கவில்லை. இரண்டு பஸ் மாறிப் போனோம். இவரை ஜன்னல் பக்கம் உட்காரவைத்தேன்.

ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்ததும் நான் எழுந்தேன். கையைப் பிடித்து இழுத்தார்.

“உக்காரு.”

“இறங்கலியா?”

“இல்ல. போதும்.”

கடைசி நிறுத்தம்வரை போனோம். டீ குடித்தோம். அதே பஸ் திரும்பியது, ஏறினோம். வரும் வழியில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். ஆஸ்பத்திரி மறுபடி வந்தது. மரத்தடியில் வேறு யாருடைய காரோ நின்றது. பஸ் கிளம்பும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவரை எழுப்பவில்லை.