தலைப்பாகைத் துணியின் மறுமுனை

நவம்பர் 2006, வியாழன் இரவு

நேற்று அண்ணன் தாடியையும் தலைமுடியையும் எடுத்துவிட்டு வந்தான். அவன் வேலை பார்க்கும் ருவைஸ் எண்ணெய் பிளாண்டில் வாயு முகமூடி முகத்தோடு ஒட்ட வேண்டுமாம்.

"முகமூடிக்குத் தாடிதானே இடைஞ்சல்? சீக்கியப் பிள்ளை தலைமுடியை ஏன்டா வெட்டுன?" என்று அம்மா கேட்டாள். அப்பா திட்டவில்லை.

தலைப்பாகைத் துணியை இழுத்து மடிக்க இரண்டு பேர் வேண்டும். சின்ன வயதிலிருந்து அப்பாவுக்கு மறுமுனையில் நிற்பது அண்ணன்தான். இன்று காலை அப்பா அவனைக் கூப்பிடவில்லை. முனையை ஜன்னல் கொக்கியில் கட்டிவிட்டுத் தனியாக இழுத்துக்கொண்டிருந்தார்.

என்னை யாரும் பிடிக்கச் சொன்னதில்லை. பள்ளியை விட்டு நின்றபின் நானாக எதிலும் போய் நிற்கக் கூச்சம். ஆனாலும் போய் முடிச்சை அவிழ்த்து முனையைப் பிடித்தேன்.

"பின்னாடி போ பேட்டி, இன்னும்," என்றார் அப்பா. அம்மாவிடம் கற்ற தமிழ் அவருக்கு; மகளைக் கூப்பிடும் 'பேட்டி' மட்டும் பஞ்சாபி. அண்ணன் கட்டிலில் கால் இடிக்கும்வரை போனேன். போர்வைக்குள் அவன் விழித்துதான் இருந்தான்.

"நல்லா பிடிக்கிற. நீ கல்யாணமாகிப் போனா எனக்கு மறுபடி ஜன்னல்தான்," என்று அப்பா சிரித்தார். போர்வை அசையவில்லை.

சாயங்காலம் அண்ணன் டூட்டிக்குக் கிளம்பிவிட்டான். இப்போது படுக்க வந்தால், என் தலையணைமேல் அவனுடைய நீலத் தலைப்பாகைத் துணி இருக்கிறது. எனக்கா, அப்பாவுக்கா, தெரியவில்லை. தனியாக மடித்திருக்கிறான். மடிப்பெல்லாம் கோணல். பிரிக்க மனம் வரவில்லை.