தாசு அவங்கம்மாவைப் பார்க்கப் போனானா?

அன்புள்ள குமரேசா, "அவசரப்படாத, அடுத்த பாகத்துல சரியாயிடும்" என்று சொல்லிச் சொல்லியே என்னை முப்பது பாகம் படிக்க வைத்த பாவியே,

நலமா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. செத்தவனிடம் அதைக் கேட்பது அபத்தம் என்று எனக்குள் இருக்கிற விமர்சகன் சொல்கிறான். அவன் கிடக்கிறான். நலமா?

இங்கே ஒரு சேதி. உன் பேருக்குப் பார்சல் வந்தது. நம் ஜப்பான் படக்கதையின் கடைசிப் பாகம். எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாத காலத்தில் நீ முன்பதிவு செய்து வைத்திருக்கிறாய். கொண்டுவந்த கூரியர்காரன், "போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும், குமரேசனையே சொல்லச் சொல்லுங்க" என்றானாம். உன் அம்மா அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், மாலை போட்ட உன் படத்துக்கு முன்னால் நிறுத்தி, "நீயே கேட்டுக்கப்பா" என்றாராம். அவன் நம்பரும் கேட்கவில்லை, கையெழுத்தும் கேட்கவில்லை. வாசலில் விட்ட செருப்பை எடுக்க மட்டும் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்தானாம்.

அன்று மத்தியானமே அம்மாவிடமிருந்து எனக்குப் போன். "பாஸ்கரு, அவனுக்குப் பொஸ்தகம் வந்துகீது. வர வெள்ளிக்கெழம வருஷ தெவசம். நீ வந்து படையலுக்கு முன்னாடி அத்த அவனுக்குப் படிச்சிக் காட்டு நைனா. முடிவு தெரியாமயே பூட்டான் புள்ள."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அந்தத் தொடரைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பது ஆரணியில் உனக்கும் டீக்கடைக்காரருக்கும் மட்டும்தான் தெரியும்.

முதல் மூன்று பாகம் நன்றாகத்தான் இருந்தது. அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. பட்டுச்சேலைக்கு கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுச் சம்பளம் வாங்குகிறவன் நான். முந்தியைப் பிரித்துக் காட்டினால் எந்தச் சேலையும் விற்றுவிடும் என்று எனக்குத் தெரியும். சங்கதி சேலையின் உடம்பில் இருக்கிறது. நான்காம் பாகத்திலிருந்து உன் கதாசிரியன் உடம்பு முழுக்க ஒரே புட்டாப் பூவைப் போட்டுவிட்டான். புது ஊர், புது வில்லன், நாயகனுக்கு அடி, கொஞ்சம் மழை, ஒரு கத்தல், வில்லன் காலி. அடுத்த ஊர். கூட வருகிற பெண்ணுக்கு "ஜாக்கிரதை" என்று சொல்வதும் காயத்துக்குக் கட்டுப் போடுவதும் தவிர வேறு வேலை கிடையாது. சாகப்போகிற ஒவ்வொரு வில்லனுக்கும் அதற்கு நாலு பக்கம் முன்னால் பால்ய காலம் ஞாபகம் வந்துவிடும்.

"ஒரு குத்து குத்தறதுக்கு ஒரு பாகமாடா?" என்று கேட்டேன். நீ டீயை ஆற்றிக்கொண்டே, "கூத்துல ஒரு அம்பு விடறதுக்கு ஒரு மணி நேரம் ஆவலியா? அதுக்கு மட்டும் பாய் போட்டு முன்னாடி குந்திகினு பாக்கற" என்றாய். கூத்தில் அந்த ஒரு மணி நேரமும் பாட்டு இருக்கிறதடா என்றேன். "இதுலயும் பாட்டு கீது, உன் காதுக்குக் கேக்கல" என்றாய். இப்படிப் பேசுகிறவனோடு எப்படி விவாதம் செய்வது?

ஆனால் என் பெரிய வழக்கு தாஸ்கேதான். நாயகனின் உயிர்ச் சினேகிதன். ஒன்பதாம் பாகத்தில் அவன் செத்தபோது நீ உன் செல்போன் சர்வீஸ் கடைக்கு அரை நாள் ஷட்டரை இறக்கினாய். நானும் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன், இப்போது சொல்வதற்கென்ன. பன்னிரண்டாம் பாகத்தில் எழுந்து வந்தான். மறுபடி செத்தான், மறுபடி வந்தான். மூன்றாவது தடவை அவன் செத்தபோது நான் கையில் இருந்த வடையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

சாவுக்கு மரியாதை இல்லாத கதையில் உயிருக்கு என்ன மரியாதை என்று, முப்பதாம் பாகமும் முடித்த பிறகு, உன்னைக் கடைசியாகப் பார்த்த அன்று காலை டீக்கடையில் கத்தினேன். நீ அசரவில்லை. "படவேட்டு அம்மனே செத்துப் பொழச்சவதான். ஆடி வந்தா முதல் பஸ்ஸுல போயி நிக்கற, அங்க மட்டும் கேள்வி கேக்க மாட்டியா?" என்றாய். அவள் வந்தது ஒரே தடவை, அதுவும் வெட்டிய கையாலேயே பெற்ற பிள்ளை அழுது வரம் கேட்டு வந்தாள், தலை ஒன்று உடம்பு ஒன்றாக வந்தாள், அது சும்மா வந்த வரவா என்றேன். நீ கொஞ்சம் யோசித்தாய். "இரு, ஒரு போனைப் பிரிச்சிப் போட்டுட்டு வந்துகீறேன். சாயங்காலம் சொல்றேன் பதிலு" என்று எழுந்து போனாய்.

அந்தச் சாயங்காலம் வரவே இல்லை. முப்பத்தைந்து வயது ஆள், பிரித்த போனுக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை. இதை யாராவது கதையாக எழுதிக் கொடுத்திருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன். காரணம் இல்லை, முன்னால் ஒரு குறிப்பு இல்லை, இவ்வளவு நல்ல பாத்திரத்தை இப்படியா வீணாக்குவது என்று ஓரத்தில் எழுதியிருப்பேன். என்ன பதில்டா வைத்திருந்தாய்?

வெள்ளிக்கிழமை வந்தேன். எனக்கு ஒரே ஒரு பயம்தான். தாஸ்கே முப்பதாம் பாகக் கடைசியில் நான்காவது தடவையாகச் செத்திருந்தான். அவன் வழக்கம் எனக்குத் தெரியும். உன் படத்துக்கு முன்னால், உன் அம்மாவை வைத்துக்கொண்டு, செத்தவன் எழுந்து வந்தான் என்று நான் எப்படிப் படிப்பேன்? முன்னாடியே பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்றால், "அவன் முன்னாடிதான் பிரிக்கணும்" என்று அம்மா பார்சலைக் கையிலேயே கொடுக்கவில்லை. அந்தப் பக்கத்தை விழுங்கிவிட்டுப் போகலாம் என்றால் நம் ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. கதையை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், இல்லாததைச் சொல்லக் கூடாது, இருப்பதை மறைக்கக் கூடாது.

இலை போட்டிருந்தது. பிரியாணி, கத்திரிக்காய், அவித்த முட்டை, நீ குடிக்கிற ஆரஞ்சு கலர் சோடா. முட்டைக்குப் பக்கத்தில் கடைசிப் பாகம். தேவிகாபுரத்திலிருந்து உன் அக்காவும் மாமாவும் வந்திருந்தார்கள். நான் புத்தகத்தை எடுத்து, ஜப்பான்காரன் வழக்கப்படி பின்னாலிருந்து பிரித்தேன். மாமா அதைக் கவனித்துவிட்டு அக்காவிடம் மெதுவாக, "கரெக்டு. தெவச காரியம்னா இடம் வலம் மாத்தித்தான் செய்யணும். தம்பிக்கு முறை தெரிஞ்சிகீது" என்றார். நான் திருத்தவில்லை.

இங்கிலீஷைத் தமிழாக்கிப் படித்துக்கொண்டு போனேன். இரண்டு பக்கத்துக்கு ஒரே ஒரு "டொம்". அதையும் படித்தேன். வில்லனுக்குச் சின்ன வயசில் ஒரு நாய்க்குட்டி இருந்தது என்று வந்ததும், "இவன் இப்ப செத்துடுவான்கா" என்றேன். அடுத்த பக்கம் செத்தான். அக்கா என்னைச் சாமியாடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அப்புறம் ஒரு பக்கத்தைப் புரட்டினேன். புகைக்கு நடுவில் அவன் நின்றுகொண்டிருந்தான்.

நிறுத்திவிட்டேன். பக்கத்து வீட்டு விசைத்தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா நைனா, முடிஞ்சிபோச்சா?" என்றார் அம்மா.

"இல்லம்மா." பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டேன். "செத்துப்போன சினேகிதன் ஒருத்தன். தாஸ்கேன்னு பேரு. அவன் உயிரோட திரும்பி வந்துட்டாம்மா."

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மாமா வெளியே போவதா வேண்டாமா என்று பாதி எழுந்து நின்றார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "எங்க, காட்டு" என்று புத்தகத்தை வாங்கினார். படத்தின் மேல் விரலை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"எளச்சிட்டான் தாசு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அவங்கம்மாவப் போயிப் பாத்தானா?"

நான் பக்கத்தைப் புரட்டினேன். இன்னும் இரண்டு பக்கம் புரட்டினேன். "இல்லம்மா. நேரா சண்டைக்குப் போறான்."

"அவனுக்கு அம்மா கீறாளா, இல்லியா?"

"இருக்காங்க. ரெண்டாம் பாகத்துல வருவாங்க. ஊருக்குப் போறவனுக்குக் கட்டுசோறு கட்டிக் குடுப்பாங்க."

"அப்பறம்?"

"அப்பறம் வரலம்மா."

குமரேசா, நான் எத்தனை குறை கண்டுபிடித்திருப்பேன். கண்ணாடி போட்ட கழுகு என்று நீயே எனக்குப் பேர் வைத்தாய். நாலு தடவை செத்து நாலு தடவை பிழைத்தவனின் சேதியை ஒருத்தர்கூட அந்தப் பொம்பளைக்குச் சொல்லவில்லை என்பது எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லையே. உனக்காவது தோன்றியதா? கட்டுசோறு கட்டிக் கொடுத்த வாசலிலேயே அவள் இன்னும் நின்றுகொண்டிருப்பாள்.

அம்மா புத்தகத்தை மூடி என் மடியில் வைத்தார். "பெத்தவகிட்ட போவாதவன் வந்தா இன்னா, வராட்டி இன்னா. இத்தப் போயி எம்புள்ள இத்தினி வருசம் படிச்சிகினு இருந்தானா? வை, சோறு ஆறுது."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் நான். முப்பது பாகமாக நான் எழுத நினைத்த தீர்ப்பை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு. "இரும்மா. அவசரப்படாதீங்க. இன்னும் பக்கம் கீது. பின்னாடி சரியாயிடும்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. மாமா, "அட, குமரேசன் பேசற மாதிரியே பேசறான்" என்றார். அக்கா அழுதுகொண்டே சிரித்தார். எனக்குக் கண் கலங்கியதால் இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டதைக்கூடக் கவனிக்கவில்லை, அம்மாதான் பிரித்துவிட்டார்.

அப்புறம் நாலு பேரும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தேடினோம். யார் யாரை அடிக்கிறான், உலகம் பிழைத்ததா, எவனுக்குக் கவலை? அவன் வீட்டுக்குப் போகிறானா, அது ஒன்றுதான். மாமா ஒவ்வொரு பக்கத்திலும் கிழவி இருக்கிறாளா என்று விரலை ஓட்டிப் பார்த்தார். காக்கை மதில்மேல் வந்து உட்கார்ந்து கத்திவிட்டுப் போனது, திரும்ப வந்து கத்தியது. அது நீதான் என்றால் மன்னித்துக்கொள். உன் புத்தகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசிப் பக்கம் ஒரு விருந்து. ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிறது. மூலையில், கட்டை விரல் அளவில், தாஸ்கே. பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வயசான பொம்பளை குனிந்து நிற்கிறாள்.

"இது யாரு?" என்றார் அம்மா.

எனக்குத் தெரியும். கூட்டத்தை நிரப்ப உதவியாளன் எவனாவது வரைந்த உருவம் அது. முகமும் கிடையாது, வசனமும் கிடையாது. ஆமாம் அவங்கம்மாதான் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நம் ஒப்பந்தம் குறுக்கே நின்றது. "தெரியலம்மா. பேரு போடல" என்றேன்.

அம்மா புத்தகத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். "இன்னாத்துக்குப் பேரு? நல்லாப் பாரு. அவன் போதும்னு கையைக் குறுக்க நீட்டறான். அவ பாட்டுக்குப் போட்டுகினே கீறா. அவதான்."

பார்த்தேன். அவன் கை தட்டுக்கு மேலே நீண்டிருந்தது உண்மை. கரண்டி நிற்காததும் உண்மை.

அப்புறம் காக்கைக்கு வைத்தோம். ஜல்தியாக வந்து முட்டையைத்தான் முதலில் எடுத்தது. எங்களுக்கு இலை போட்டார்கள். ஆறிப்போன பிரியாணியை அம்மா எனக்கு வைத்தார். போதும்மா என்றேன். இன்னொரு கரண்டி வைத்தார். கையைக் குறுக்கே நீட்டினேன். கைமேலேயே விழுந்தது.

தொடர் மட்டம்தான்டா, அதில் மாற்றம் இல்லை. படவேட்டு வழக்குக்கு நீ என்ன பதில் வைத்திருந்தாய் என்பதும் எனக்குத் தெரியப்போவதில்லை. ஒன்று மட்டும் எழுதித் தருகிறேன். தாசு போனானோ இல்லையோ, வெள்ளிக்கிழமை தோறும் டிசைன் வேலை முடிந்ததும் உன் வீட்டில் இலை போட்டு உட்காருவேன். வர முடியாது என்று சொல்லிவிட்டு எங்கேயும் சண்டைக்குப் போக மாட்டேன்.

இப்படிக்கு,
போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே சாப்பிடும் உன் மச்சான்,
பாஸ்கர்