நாற்பத்தாறு வயதில் ஒரு நீல வண்டி

யூன் 9, திங்கள்

எழும்பியதும் குசினிக் கதவைச் சாத்திவிட்டு அரிசி மூட்டையைத் தூக்கிப் பார்த்தேன். தேத்தண்ணிகூட வைக்கவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட இடுப்பில் பலம் வேண்டுமென்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். மூட்டை அரை அடி எழும்பியது. போதும்.

மார்கழியில்தான் லைசன்ஸ் எடுத்தேன். கரம்பொன்னிலிருந்து துறைக்கு நடை, பாதை என்ற அந்த இரும்பு மிதவையில் கடல், பிறகு நான் வேலை செய்யும் காரைநகர்க் கந்தோருக்கு பஸ் பார்த்து நிற்பது. வீட்டுக்குக் கிட்டவுள்ள ஊர்காவற்றுறைக்கு இடமாற்றம் கேட்டு மூன்று வருசம், கிடைக்கிற பாடில்லை. ஆகவே வண்டி வேண்டும். இது வீட்டில் சொன்ன காரணம்.

உண்மை வேறு. எனக்கு ஸ்போட்ஸ் பைக் வேண்டும். குனிந்து ஓடுவது. ஏன்? தெரியாது. வேண்டும்.

யூன் 14, சனி

யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள் கடைக்கு என் கணவர் ரஜீபனும் வந்தார். சிவப்பு ஒன்றில் ஏறினேன். கால் பெருவிரல்கள் மட்டும் நிலத்தைத் தொட்டன.

"இறங்கும். நான் பிடிச்சிருக்கிறபடியாத்தான் நிக்குது," என்றார். பிறகு ஒரு ஸ்கூட்டியைக் காட்டினார். "முன்னுக்குக் கூடை இருக்கு, கோசலா. மீன் வாங்கலாம்."

கலியாணம் முடித்த நாளிலிருந்து மீன் வாங்குவது ரஜீபன்தான்.

யூன் 16, திங்கள்

ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருக்கும் மேரிசுகந்தி அக்காவைத் துறையடியில் கண்டேன். அவருடைய கணவர் கட்டாருக்குப் போனபின் நீல ஸ்போட்ஸ் பைக் ஒன்று வீட்டில் சும்மா நிற்கிறதாம்.

"துணி போர்த்திக் கிடக்குது. கொண்டுபோய்க் கொஞ்சநாள் ஓடிப் பாரும். பிடிச்சா எடும். பிடிக்காட்டிப் பெற்றோல் அடிச்சுத் தாரும்."

பின்னேரம் போய் ஏறினேன். இரண்டு பாதமும் நிலத்தில் — முழுதாக!

"ஏன் அழுறீர்?" என்றார் அக்கா.

அழவில்லை. காற்று.

யூன் 18, புதன்

விழுத்திவிட்டேன். பாதையில். எல்லாருக்கும் முன்னால்.

ஸ்டாண்டைப் போட்டேன், கியரில் விட மறந்தேன். சோளகக் காற்றுக்கு மிதவை ஒரு ஆட்டம் ஆடியது; வண்டி உருண்டு, மிக மரியாதையாகச் சரிந்து படுத்தது.

"பிள்ளை, அதுக்கு நித்திரை வந்திட்டுது போல," என்றார் வெங்காயக் கடகத்தோடு நின்ற இளையதம்பி அண்ணை. ஒரே சிரிப்பு. தூக்க இரண்டு பேர் வந்தார்கள்.

"விடுங்கோ. நான் தூக்குறன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் முந்திவிட்டது. வீடியோவில் காட்டியபடி வண்டிக்கு முதுகைக் கொடுத்து, சீற்றில் இடுப்பை முட்டுக்கொடுத்துப் பின்னுக்கு அடியடியாக நடந்தேன். எழும்பியது! அரிசி மூட்டையே, நீ வாழ்க.

"அட! அப்ப என்ரை மாடு படுத்தாலும் உன்னைத்தான் கூப்பிடவேணும்," என்றார் அண்ணை.

கைப்பிடி நுனியில் ஒரு கீறல். சுகந்தி அக்காவிடம் சொன்னேன். "அவர் போட்ட கீறலுகளைக் காட்டட்டோ?" என்று சிரித்தார்.

யூன் 21, சனி

ரஜீபனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புளியங்கூடல் வரை. பின்சீற் உயரம், என் தலைக்கு மேலால் றோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். "மெதுவா... மெதுவாயப்பா!" மெதுவாகத்தான் ஓடினேன்.

இறங்கியதும் சொன்னார்: "சாமியைத் தேரில ஏத்தின மாதிரி. சனமெல்லாம் என்னைத்தான் பாக்குது." ஹெல்மெட்டைக் கழற்றித் தந்து, "நல்லாத்தான் ஓடுறீர்."

இதை எழுதி வைக்கவேண்டும் என்றுதான் இன்று கொப்பியைத் திறந்தேன்.

யூன் 23, திங்கள்

தலைமைக் கந்தோரிலிருந்து பிரேமினியின் அழைப்பு. "அக்கா, உங்கடை இடமாற்றம் சரிவந்திட்டுது. ஊர்காவற்றுறைதான். சந்தோசம்தானே?"

ரஜீபன் கைதட்டினார். "பாரும்! இனிக் கந்தோருக்குச் சைக்கிளே போதும். நாளைக்கே வண்டியைக் குடுத்திட்டு வாரும்."

ஓம் என்றேன். மூன்று வருசமாகக் கேட்டது. பிறகு ஏன் போய் வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றேன்?

யூன் 24, செவ்வாய்

வண்டியைக் கொடுக்கவில்லை. மழை வரும்போல் இருந்தது என்றேன். எங்கள் பக்கத்தில் யூனில் மழையாம்!

யூன் 25, புதன்

பாதையில் கியரில் விட்டு நிறுத்தினேன். அசையவில்லை. காரைநகரில் இறங்கி, கந்தோர் வாசலைக் கடந்து, கசூரினாக் கடற்கரை வரை போய்விட்டேன். பெற்றோல் தாங்கியோடு ஒட்டிக் குனிந்தால் சோளகம் முதுகுக்கு மேலால் போகிறது. ஹெல்மெட்டுக்குள் பாடினேன். கந்தோருக்குத் திரும்பியபோது பிந்திவிட்டது; வரவுப் புத்தகத்தில் முதன்முறையாகச் சிவப்புக் கோட்டுக்குக் கீழே கையெழுத்து.

வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்த வேலையை வேண்டாம் என்கிறவள் எங்காவது உண்டா? உண்டு. நாளைக்குப் பிரேமினியிடம் சொல்லப்போகிறேன், நான் காரைநகரிலேயே இருக்கிறேன் என்று. பிறகு நேரே சுகந்தி அக்கா வீட்டுக்கு, வண்டிக்கு விலை பேச.

ரஜீபன் மீன் வெட்டிக்கொண்டு கேட்கிறார், "என்ன, தனியச் சிரிக்கிறீர்?"

"ஒண்டுமில்லையப்பா," என்றேன்.