பதினான்காம் எண் கடையில் அணையாமல் இருக்கும் கணினி

அனுப்புநர்:
சீருடைத் தையற்காரி,
வணிக வளாகம் முதல் மாடி, 14ஆம் எண் கணினி பழுதுபார்க்கும் கடைக்காரரின் அக்கா.
(தங்கள் அலுவலகத்தில் 'சிலேட்டம்மா' என்றால் எல்லோருக்கும் தெரியும்.)

பெறுநர்:
உயர்திரு கட்டடப் பாதுகாப்புப் பொறியாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: சீல் வைக்கப்பட்ட 14ஆம் எண் கடைக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து, மின்சாரம் துண்டிக்கப்படும் முன் என் குரலை எடுத்துக்கொள்ள அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: வளாகத்தின் வாசற்கதவில் ஒட்டப்பட்டுள்ள தங்கள் அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தொண்டையில் வந்த கட்டிக்காக இரண்டு மாதங்களுக்கு முன் எனக்கு அறுவை சிகிச்சை நடந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, பேச்சு போய்விட்டது. ஆகவே நேரில் சொல்ல வேண்டியதை எழுதித் தருகிறேன். முதல் நாள் நான் சிலேட்டை நீட்டியபோது தங்கள் உதவியாளர், "வாயைத் திறந்து சொல்லும்மா, பின்னாடி எத்தனை பேர் நிக்கிறாங்க பாரு" என்றார். கழுத்துத் துணியை விலக்கிக் காட்டினேன். அவர் எழுந்துபோய்த் தன் நாற்காலியையே கொண்டுவந்து போட்டார். அன்று முதல் அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் கோப்பும் என்னைப் போலவே உட்கார்ந்திருக்கிறது.

2. என் வீட்டில் நானும் என் மாமியாரும் மட்டுமே. கணவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. அத்தைக்குச் சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போய்விட்டன. நான் எழுதுவதை அவரால் பார்க்க முடியாது. அவர் கேட்பதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது. எங்களை ஒரே வீட்டில் வைத்த கடவுளுக்குக் கொஞ்சம் குறும்பு அதிகம்.

3. அறுவை சிகிச்சைக்கு முன்பே, "உங்க குரலைப் பதிவு பண்ணி வச்சுக்குங்க" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். என்னிடம் இருப்பது பட்டன் போன். தம்பியின் போன் கடை வேலைக்கு அவனுக்கே வேண்டும். தம்பியின் கடையில் யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன கணினி ஒன்று இருந்தது. அதன் ஹார்ட் டிஸ்க் செத்துப்போயிருந்தது. தம்பி அதைத் தூக்கி எறிகிறவன் இல்லை. "பரவால்லக்கா, பென் டிரைவ்ல இருந்தே ஓட்டிடலாம்" என்றான். லினக்ஸ் என்ற அமைப்பில் மிகச் சிறியதாக ஒன்றைத் தேடிப் பிடித்து, விரல் அளவு பென் டிரைவில் ஏற்றினான். கணினியைப் போட்டதும் அந்த அமைப்பும், நாங்கள் அதில் சேமித்தவையும் முழுவதுமாகக் கணினியின் தற்காலிக நினைவகத்துக்கு ஏறிவிடும். பிறகு பென் டிரைவைக் கழற்றிவிட்டாலும் கணினி ஓடும். மின்சாரம் நின்றால் மட்டும் நினைவகத்தில் இருப்பது அத்தனையும் மறைந்துவிடும். இந்த விவரம் தங்களுக்கு அலுப்பாக இருக்கலாம். என் மனு முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது என்பதால் எழுதுகிறேன்.

4. அப்படித்தான் பதிவு செய்தோம். 'சாப்பாடு ஆறுது', 'முன்னாடி படி இருக்கு', 'மாத்திரை போட்டாச்சா' என்று தம்பி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் பேசினேன். ஒருநாள் அத்தையும் கைப்பிடியைப் பிடித்து மாடி ஏறி வந்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இதென்னடி, ஆஸ்பத்திரி நர்ஸ் மாதிரி பேசுற. சண்டை போடுறதையும் பதிவு பண்ணு. இல்லன்னா வீடு வெறிச்சுன்னு கெடக்கும்" என்றார். பிறகென்ன, மைக் முன்னால் உட்கார்ந்து இருவரும் சண்டை போட்டோம். என் கணவரின் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நான், கூடாது என்று அவர். பழைய சண்டைதான். தம்பி சிரித்துச் சிரித்து இருமல் வந்து வெளியே போய்விட்டான். அதுவும் பதிவில் இருக்கிறது.

5. அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் உடம்பு தேறும்வரை சமாளிக்கத் தம்பி தன் போனைத் தந்தான். தட்டச்சு செய்தால் அது ஏதோ ஒரு பெண் குரலில் படிக்கும். அத்தை அந்தக் குரலிடம் மரியாதையாக, "நீங்க சாப்டீங்களா?" என்று கேட்டார். பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாக, "யாருடி இந்தப் பொண்ணு, எப்பப் போவா?" என்றார். நான் போனை அணைத்துவிட்டேன்.

6. மாடிப்படி ஏறலாம் என்று மருத்துவர் சொன்ன முதல் நாளே கடைக்குப் போனேன். எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்த வாக்கியம் வர வேண்டும் என்பதை நானே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தம்பி காத்திருந்தான். அந்தக் கணினியில் வேலை செய்யும் துளைகள் இரண்டுதான். ஒன்றில் மவுஸ். ஒலிபெருக்கியைச் செருகுவதற்காகத் தம்பி மற்றதிலிருந்த பென் டிரைவைக் கழற்றி மேசைமேல் இருந்த தட்டில் வைத்தான். என் குரலை நான் கேட்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் தங்கள் ஊழியர்கள் வந்தார்கள். தூணில் விரிசல், எல்லோரும் உடனே இறங்க வேண்டும் என்றார்கள். இறங்கினோம். அவர்கள் செய்தது சரிதான், ஐயா. அந்தத் தூணை நானும் பார்த்தேன்.

7. கடைகளில் இருந்த சிறு பொருள்களைத் தங்கள் ஊழியர்கள் பத்திரமாக எடுத்து வந்திருந்தார்கள். பென் டிரைவ் யாருடையது என்று பார்ப்பதற்காக ஒருவர் அதை அலுவலகக் கணினியில் செருகியிருக்கிறார். லினக்ஸ் முறையில் எழுதப்பட்டதை அந்தக் கணினிக்குப் படிக்கத் தெரியவில்லை. 'இதைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?' என்று அது கேட்டிருக்கிறது. அவர் ஆம் என்று அழுத்திவிட்டார். காலி பென் டிரைவ்தானே என்று, அது கொள்ளும் மட்டும் கட்டடத்து விரிசல்களின் புகைப்படங்களை அதில் ஏற்றியும் விட்டார். பின்னர் விஷயம் தெரிந்து அவரே அதை என் கையில் கொண்டுவந்து கொடுத்தார். "காலின்னுதான்மா நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றார். அவர்மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம். ஆனால் வருத்தம் இல்லை என்று எழுத என் கை வரவில்லை. மீட்டுப் பார்க்க முயன்று தம்பி தோற்றுப்போனான். விரிசல்கள்மேல் விரிசல்களாகப் பதிந்திருக்கின்றன என்றான்.

8. அந்தப் படங்களில் ஒன்று 14ஆம் எண் கடையின் உட்புறம். சுவரைப் பிளந்து ஓடும் விரிசலுக்குக் கீழே எங்கள் கணினி தெரிகிறது. திரை எரிந்துகொண்டிருக்கிறது. அந்தப் படத்தை இத்துடன் இணைத்துள்ளேன்.

9. கீழ்த்தளத்து மோட்டார்தான் பின்தெருவுக்குத் தண்ணீர் ஏற்றுகிறது என்பதால் வளாகத்தில் இன்னும் மின்சாரம் இருக்கிறது. தினமும் மாலையில் நான் பின்தெருவுக்குப் போய் அண்ணாந்து பார்க்கிறேன். மாடி ஜன்னல் கண்ணாடியில் திரையின் நீல வெளிச்சம் தெரிகிறது. சிறு மின்வெட்டை யுபிஎஸ் தாங்கிக்கொள்கிறது. என் குரல் இந்த உலகத்தில் இப்போது அந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மோட்டாரை வேறிடத்துக்கு மாற்றி மின்சாரத்தைத் துண்டிக்கப்போவதாகத் தங்கள் அறிவிப்பு சொல்கிறது.

10. உள்ளே யாரும் போகக் கூடாது என்பது பாதுகாப்புக்கான விதி என்று அறிவேன். ஆயினும் நேற்று ஒப்பந்தக்காரரின் ஆட்கள் தலைக்கவசம் அணிந்து உள்ளே போய், மாடியிலிருந்து இரும்புக் கதவுகளை இறக்கினார்கள். இரும்புக்குத் திறந்த வழியை எனக்கும் கொஞ்ச நேரம் திறக்கலாகாதா என்று பணிவுடன் கேட்கிறேன். நான் வரவில்லை. தம்பி மட்டும், அதே தலைக்கவசத்துடன், புதிய பென் டிரைவ் ஒன்றை எடுத்துக்கொண்டு போவான். கால் மணி நேரம் போதும். என்ன நேர்ந்தாலும் பொறுப்பு தன்னுடையது என்று அவன் எழுதிக் கையெழுத்திட்ட தாளும் இணைப்பில் உள்ளது. அவன் உயிரைப் பணயம் வைக்கச் சொல்லும் அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரி அல்ல. பழக்கமில்லாத அவன் போவது ஆபத்து என்று தங்களுக்குத் தோன்றினால், உள்ளே போய்ப் பழகிய தங்கள் ஆட்களில் ஒருவரே போகட்டும், செய்ய வேண்டியதைத் தம்பி கீழிருந்து போனில் சொல்வான்.

11. எல்லாவற்றையும் எடுக்க நேரமில்லை என்றால் ஒன்றே ஒன்று போதும். 'நான்தான், அத்தை' என்று ஒரு பதிவு இருக்கிறது. அவருக்குப் பார்வை போன நாளிலிருந்து, வீட்டுக்குள் எப்போது நுழைந்தாலும் அதைச் சொல்லிக்கொண்டேதான் நுழைவேன். இப்போது ஒவ்வொரு முறையும் அவர் திடுக்கிட்டு, "யாரு?" என்று கேட்கிறார். சொந்த வீட்டில் ஒருவர் அப்படிப் பயப்படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது கொடுமை, ஐயா.

12. இவை எதற்குமே இடமில்லை என்றால், வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு மின்சாரத்தை நிறுத்துவீர்கள் என்பதை மட்டுமாவது தெரிவிக்க வேண்டுகிறேன். அப்போது நான் பின்தெருவில் நின்றுகொள்வேன்.

13. கடைசியாக ஒன்று. அத்தையும் நானும் தண்ணீர் டம்ளரைத் தட்டித்தான் பேசிக்கொள்கிறோம். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இன்னும் இல்லை. பென் டிரைவ் அழிந்தது அவருக்குத் தெரியாது. கடையைத் திறந்ததும் என் குரல் வீட்டுக்கு வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். நான் இங்கிருந்து திரும்பும்போதெல்லாம், "தொறந்துட்டாங்களாடி?" என்று கேட்கிறார். இரண்டு தட்டு தட்டுகிறேன். "சரி, நாளைக்குத் தொறப்பாங்க" என்று அவரே எனக்கு ஆறுதல் சொல்கிறார். உண்மையைத் தானே சொல்லிவிடுவதாகத் தம்பி சொன்னான். அது என் குரல், போய்விட்டது என்றால் நான்தான் சொல்ல வேண்டும் என்று சிலேட்டில் எழுதி அவனைத் தடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகும் அவர் கேட்பார். இனி இல்லவே இல்லை என்பதற்கு எங்களிடம் தட்டு கிடையாது.

ஆகவே, காலம் கடக்கும் முன் தாங்கள் மனமிரங்கி ஆவன செய்யுமாறு வேண்டி நிற்கிறேன்.

நாள்: புதன்கிழமை
இடம்: தங்கள் அலுவலகக் காத்திருப்பு அறை

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையெழுத்து)
சிலேட்டம்மா

இணைப்பு:
1. கடையின் உட்புறப் புகைப்படம்.
2. தம்பி எழுதித் தந்த பொறுப்புறுதித் தாள்.